துடைத்த வீட்டில் தொலைந்த லைப்ரரி

அத்தியாயம் 6

"ஓடுதுக்கா! ஓடிடுச்சு!"

கியெத் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினான். காலையிலிருந்து அடித்துப் போட்ட பாம்பு மாதிரிக் கிடந்த மென்பொருள் கடைசியில் அசைந்து கொடுத்து, திரையில் வரி வரியாக எழுத ஆரம்பித்திருந்தது.

சைகோன் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் மரபணு ஆய்வுக்கூடம் அது. தெத் புத்தாண்டின் முதல் நாள். ஊரில் பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போயிருந்தார்கள், ஆய்வுக்கூடத்துக்காரர்கள் முழுப் பேரும் போயிருந்தார்கள். ஆகவேதான் டாக்டர் தாவோ, கம்ப்யூட்டர்க் கோளாறுகளைத் துப்புத் துலக்குவதையே பிழைப்பாகக் கொண்ட மியெனைக் கூப்பிட்டிருந்தாள். மியென் கூப்பிட்டால் அவளுடைய உதவியாளன் கியெத் வராமல் இருப்பானா? பண்டிகைப் பலகாரத்தைக் கையில் சுருட்டிக்கொண்டே வந்துவிட்டான்.

"என்ன சொல்லுது? சீக்கிரம்!" டாக்டர் தாவோ அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

மேல் மாடித் தீவிர சிகிச்சைப் பிரிவில், பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத ஒரு பெண் குழந்தையின் ரத்தத்தில் அமிலம் ஏறிக்கொண்டே போனது. இரண்டு நோய்களில் ஏதோ ஒன்று. இரண்டும் வெளியே பார்க்க அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். முதல் நோயென்றால் கொழுப்பு கூடிய பாலைக் கொடுத்துச் சர்க்கரையை நிறுத்த வேண்டும். இரண்டாவது நோயென்றால் சர்க்கரையைக் கொடுத்துக் கொழுப்பை நிறுத்த வேண்டும். மாற்றிக் கொடுத்தால் கொடுத்த கையே கொன்றுவிடும். எந்த நோய் என்று மரபணு சொல்லும். மரபணுவை எந்திரம் படித்து முடித்துவிட்டது. படித்ததைச் சலித்துப் பார்க்கிற ஜாவா மென்பொருள்தான், ஒரு லைப்ரரியை, அதாவது அது இரவல் வாங்கி ஓடுகிற துணை நிரல் கோப்பை, காணோம் என்று எரர் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"முதல் நோய்!" என்றான் கியெத். "கொழுப்புப் பால்!"

டாக்டர் தாவோ கதவை நோக்கி ஓடினாள்.

"நில்லுங்க டாக்டர்!"

மியென் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. நாற்பது வயது, ஒல்லி, சட்டையின் மார்பில் குத்திய சின்னக் கறுப்புத் துணி. அப்பா செத்து ஆறு மாதம் ஆகவில்லை. "காணாமப் போன லைப்ரரியை எங்கேருந்து எடுத்தே கியெத்?"

"மொதல்ல மூணு லைப்ரரி காணோம்க்கா. இணையத்துல தேடி மூணையும் இறக்கிட்டேன். கடைசியா ஒண்ணு மட்டும் எங்கேயும் கிடைக்கல. இங்கேயே யாரோ எழுதினதாம். அதான்..." கியெத்தின் குரல் கொஞ்சம் இறங்கியது. "அது வேலை செய்யற ஒரே ஒரு இடத்தைத் தாண்டிப் போற மாதிரி நிரலை மாத்திட்டேன்."

"டாக்டர், ஏற்கெனவே குணமாகி வீட்டுக்குப் போன குழந்தை யாராவது இருக்கா? என்ன நோய்னு நிச்சயமாத் தெரிஞ்ச குழந்தை?"

"இருக்கான். போன வருஷம் வந்தான். அவனுக்கு இது ரெண்டுமே இல்ல, வேற நோய்."

"அவனோட மரபணுவைப் போடு."

கியெத் போட்டான். மென்பொருள் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு எழுதியது: முதல் நோய்.

இன்னொரு குழந்தையைப் போட்டார்கள். முதல் நோய். ஆரோக்கியமான ஒரு தகப்பனைப் போட்டார்கள். அவருக்கும் அதேதான்.

"அக்கா, என்னைப் போட்டாக்கூட முதல் நோய்னுதான் சொல்லும் போல" என்றான் கியெத். அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

"சொல்லும். முதல் நோய்க்குக் காரணமான மரபணுவுக்கு ஒரு இரட்டை இருக்கு. பாத்தா அதே மாதிரி இருக்கும், ஆனா நோய்க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. எது அசல், எது இரட்டைன்னு பிரிக்கறதுதான் காணாமப் போன லைப்ரரியோட வேலை. நீ லைப்ரரியைக் கொண்டுவரலடா. காணோம்னு சொன்ன வாயை அடைச்சுட்ட."

டாக்டர் தாவோ சுவரில் சாய்ந்தாள். இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் அவள் கொழுப்புப் பாலை ஏற்றியிருப்பாள். கியெத் கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். அவன் வாழ்நாளில் எத்தனையோ சொதப்பியிருக்கிறான், ஆனால் எதுவும் ஆளைக் கொல்கிற சொதப்பல் இல்லை.

"அந்த லைப்ரரியை எழுதினவர் யாரு டாக்டர்?"

"வெளிநாடு போயிட்டார். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டேன், எடுக்கல."

"மாற்றுப் பிரதி?"

"அதுலயும் இல்ல" என்றான் கியெத். "இங்கே இருக்கறதை அப்படியே பாத்து எழுதற பிரதி அது. இங்கே அழிஞ்சா அதுவும் சமர்த்தா அழிச்சிடும்."

மியென் எழுந்து ஆய்வுக்கூடத்தை ஒரு நடை நடந்தாள். தரை பளபளவென்று இருந்தது. அலமாரிகள் துடைத்து, விளிம்பு உடைந்த கோப்பைகளெல்லாம் போய், ஒரே அளவுப் புதுக் கோப்பைகள் அடுக்கியிருந்தன. ஜன்னலோரம் தெத்துக்கு வைக்கிற மஞ்சள் மாய்ப்பூக் கிளை ஒன்று ஜாடியில் நின்றது.

"கியெத், அழிஞ்ச கோப்பு எல்லாத்துலயும் பொதுவா என்ன இருக்கு?"

கியெத் பட்டியலைப் பார்த்தான். "எல்லாம் பழசு. ஒரு வருஷத்துக்கு மேல யாரும் தொடாதது."

"யாரும் திருத்தாததுன்னு சொல்லு. தினம் படிக்கற புத்தகத்தை நாம திருத்தியா எழுதறோம்? லைப்ரரியைத் தினம் நூறு தடவை படிச்சிருக்கு, ஒரு எழுத்துகூட மாறல. பாக்கறவனுக்கு அது ஒரு வருஷமாத் தூங்கற குப்பை." அவள் பூக்கிளையைப் பார்த்தாள். "திருடன் இல்ல. தெத்துக்கு வீட்டைத் துடைக்கற மாதிரி யாரோ கம்ப்யூட்டரையும் பக்தியாத் துடைச்சிருக்காங்க. இங்கே அந்தப் பழக்கம் யாருக்கு?"

"சுங்" என்றாள் டாக்டர் தாவோ உடனே. "கம்ப்யூட்டர் எல்லாம் அவர் பொறுப்பு. வருஷக் கடைசியில அவர் கையில துணி இல்லாமப் பாத்ததே இல்ல. வீடு நாலாவது வட்டத்துல. போனை அணைச்சு வெச்சிருக்கார்."

"நேர்லயே போறோம். எவ்வளவு நேரம் தாங்கும் டாக்டர்?"

"ரெண்டையும் குடுக்காம வெச்சிருக்கேன். அதாவது, பட்டினி போட்டிருக்கேன். சாயங்காலத்துக்கு முன்னாடி நான் ஏதாவது ஒண்ணைக் குடுத்தே ஆகணும் மியென். நீ எதுவும் சொல்லலன்னா, காசைச் சுண்டிப் போடற மாதிரிதான் குடுக்கணும்."

கிளம்பும்போது கியெத் இரண்டாவது கம்ப்யூட்டரின் தலைமேல் வைத்திருந்த தன் பலகாரத்தை எடுத்தான். வாழையிலையில் சுருட்டிய பான் தெத். தொட்டதும் கையை உதறினான். "அடேங்கப்பா, அடுப்புல வெச்ச மாதிரிச் சுடுதுக்கா. இந்தப் பெட்டியை வாடகைக்கு எடுத்துக் கடை போடலாம்."

மியென் அந்தப் பெட்டியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு நடந்தாள்.

தாழ்வாரத்தில் ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரசவம் ஆன உடம்பு, காலில் வீக்கம் இன்னும் வடியவில்லை. குழந்தையின் அம்மா லுவா. "கம்ப்யூட்டர் பாக்க வந்தவங்க நீங்கதானா?" என்று கியெத்திடம் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினான். "என் குழந்தையை இன்னும் ஒரு தடவைகூட மடியில வெச்சுக்கல" என்றாள். கியெத் பலகாரத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வேகமாக நடந்தான்.

*

சுங்கின் வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ கரோக்கே பெட்டியை முழு சத்தத்தில் வைத்துக்கொண்டு, காதலியைப் பிரிந்த துக்கத்தைச் சந்து முழுவதும் பகிர்ந்துகொண்டிருந்தார். மியென் சந்து முனையிலேயே நின்றுவிட்டாள்.

"நான் வரமாட்டேன். துக்கக்காரி முதல் நாள் யார் வீட்டு வாசலையும் மிதிக்கக் கூடாது. நீ போய்ப் பேசு."

கியெத் போய்க் கம்பிக் கதவைத் தட்டினான். சுங்கின் மனைவி ஹியென் எட்டிப் பார்த்தாள், கதவைத் திறக்கவில்லை.

"யாருப்பா? இன்னும் முதல் விருந்தாளி வரல, அவங்க ராசிதான் வருஷம் பூரா. எங்க வீட்டுக்குள்ள முதல் அடி வைக்க என் அக்கா மகனைச் சொல்லி வெச்சிருக்கேன், கான் தோவிலேருந்து வந்துக்கிட்டே இருக்கான். நல்ல ராசி, நல்ல சம்பாத்தியம், ரெண்டு ஆம்பளைப் பிள்ளை. அவன் வந்து போனப்புறம் வா."

"அத்தை, உள்ள வரல. மாமாகிட்ட ரெண்டு வார்த்தை."

"நீ எந்த வருஷத்துல பொறந்த?"

"அது எதுக்கு அத்தை இப்ப..."

"எந்த வருஷம்?"

"எலி வருஷம்" என்றான் கியெத், ஏதோ திருடியதை ஒப்புக்கொள்பவன்போல.

"எலியா! குதிரை வருஷத்துக்கு எலி ஆகவே ஆகாதேப்பா! கம்பியைக்கூடத் தொடாதே. என் பொண்ணு உள்ள எட்டாம் மாசம்!"

"சரி அத்தை, எலி ரெண்டடி தள்ளியே நிக்குது. மாமாவைக் கூப்பிடுங்க. ஒரு குழந்தை சாகப் போகுது."

சுங் புதுச் சட்டையோடு வந்தார். கியெத் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளிறிப்போனது. "நான்தான்" என்றார். "நான்தாம்ப்பா அழிச்சேன். ஒரு வருஷமாத் தொடாத கோப்பு எதுக்கு இடத்தை அடைக்கணும், புது வருஷம் சுத்தமாப் பொறக்கட்டும்னு... ஐயோ, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்."

"வேற எங்கயாவது இருக்கா மாமா? பழைய டிஸ்க், பழைய கம்ப்யூட்டர்?"

"பழசையெல்லாம் காயலான் கடைக்காரிக்கிட்டப் போட்டுட்டேன். எதையும் விட்டுவைக்கல. நான் எதைத் துடைச்சாலும் ஒழுங்காத் துடைப்பேன்." அந்த மனிதர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார்.

கியெத் சந்து முனையைத் திரும்பிப் பார்த்தான். முடிந்தது. காசைச் சுண்டிப் போட வேண்டியதுதான். அந்தப் பெண்ணின் வீங்கிய கால்கள் ஏனோ அவன் கண்ணுக்குள் வந்து நின்றன.

மியென் அதற்குள் எதிர்ச் சுவரோரமாகப் பாதி தூரம் வந்திருந்தாள். அவள் பார்வை கம்பிக் கதவைத் தாண்டி உள்ளே போனது. அடுக்களை வாசலில் ஓர் அரிசிப் பானை, விளிம்பு வரை அரிசி, மேலே சிவப்புக் காகிதம். பக்கத்தில் தளும்புகிற தண்ணீர்த் தொட்டி.

"சுங் அண்ணா!" என்று கரோக்கேக்கு மேலே கத்தினாள். "வீட்டுல பானை காலியா இருந்தா வருஷம் பூரா காலின்னு அண்ணி நிரப்பி வெச்சிருக்காங்க. ஆய்வுக்கூடத்துல நீங்க எதை நிரப்பி வெச்சீங்க?"

சுங் தலையை நிமிர்த்தினார். "உனக்கெப்படித் தெரியும்?"

"எல்லாரும் ஊருக்குப் போன ஆய்வுக்கூடத்துல ரெண்டாவது பெட்டி மட்டும் எதுக்குச் சுடுது? எங்களுக்குக் குடுத்த கெஸ்ட் லாகின்ல மத்தவங்க வேலை கண்ணுக்குத் தெரியாது. உங்க வேலை ஏதோ ஓடுது."

"சிரிக்காதே" என்றார் சுங் கூச்சத்தோடு. "கம்ப்யூட்டர் வெறும் வயித்தோட புது வருஷத்துக்குள்ள போக வேணாம்னு, பழைய மரபணுக்களை ஒரு பெரிய வரிசையாப் போட்டு ஓட விட்டுட்டு வந்தேன். சும்மா, ஒரு சாங்கியத்துக்கு."

"ஓட விட்டது எப்போ? அழிக்கறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"முன்னாடி. அது ஓடட்டும்னு விட்டுட்டு, சும்மா உக்காருவானேன்னுதான் துடைக்க ஆரம்பிச்சேன்."

மியென் கண்ணை மூடித் திறந்தாள். "அப்ப லைப்ரரி சாகல."

"அழிச்சுட்டாரேக்கா?"

"பேரைத்தான் அழிச்சார். சாப்பாட்டுக் கடையைச் சாத்தினாலும் உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருக்கறவன் தட்டைப் பிடுங்குவாங்களாடா? அந்த வேலை லைப்ரரியைக் கையில வெச்சுச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கு. அது எழுந்திருக்கற வரைக்கும் கம்ப்யூட்டர் அதைத் தூக்கிப் போடாது. முடிஞ்சு எழுந்துச்சுன்னா அவ்வளவுதான்."

சுங் உள்ளே ஓடினார். வெளியிலிருந்து ஆய்வுக்கூடத்துக்குள் நுழைய அனுமதி உள்ள கம்ப்யூட்டர் ஊரிலேயே ஒன்றுதான், அது அவர் வீட்டு மேசையில் இருந்தது. ஜன்னல் வழியாகவே அவர் அலறினார்: "வரிசையில இன்னும் ரெண்டே ரெண்டுதான் பாக்கி!"

மருத்துவமனைக்குத் திரும்பிப் போக நேரமில்லை. மியென் ஜன்னலுக்கு நேரே சந்தில் நின்று, என்ன தட்ட வேண்டும் என்று எழுத்தெழுத்தாகக் கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர் அதே சமயம் உச்ச ஸ்தாயிக்குப் போனார். கியெத் கையெடுத்துக் கும்பிட்டான், "ஐயா, உங்க காதலி திரும்பி வந்துடுவா, கொஞ்சம் நிறுத்துங்க!" என்று மன்றாடினான். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னும் உருகினார்.

"ஏம்மா! ஏதோ கேக்குது! வேலையை நிறுத்தட்டுமான்னு கேக்குது!"

"எதையும் தொடாதீங்க! விரலை எடுங்க!"

"என் கை நடுங்குதும்மா. என்னால முடியாது. ஒண்ணு கெடக்க ஒண்ணு அமுக்கிடுவேன்."

மியென் கம்பிக் கதவைப் பார்த்தாள், தன் மார்பிலிருந்த கறுப்புத் துணியைப் பார்த்தாள். உள்ளே விடச் சொல்லிக் கேட்கக் கூடாது என்று அவளுக்கே தெரியும்.

கியெத்தான் பேசினான். அவன் குரலில் கிண்டல் துளிகூட இல்லை. "அத்தை, அந்தக் குழந்தையோட அம்மா பேரு லுவா. முதல் பிரசவம். கால் வீங்கிப் போய்த் தாழ்வாரத்துலயே நிக்கறாங்க. குழந்தையை இன்னும் மடியில வெச்சுக்கலையாம். எனக்கு வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

ஹியென் உள்ளறைப் பக்கம் திரும்பினாள். அவளுடைய மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நிலைப்படியில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹியென் போனை எடுத்து அக்கா மகனை அழைத்தாள். "நீ அவசரப்படாதே, நிதானமா வா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்தாள்.

"அண்ணி, ஒரு தடவை யோசிச்சுக்கோங்க" என்றாள் மியென், வாசலில் கால் எடுத்து வைக்காமல். "உங்க பொண்ணு..."

"யோசிச்சா திறக்க மாட்டேன். உள்ள வா."

மியென் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். எலியும் பின்னாலேயே நுழைந்தது.

வரிசையில் கடைசி மரபணு ஓடிக்கொண்டிருந்தது. மியென் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே தட்டினாள். ஓடுகிற வேலை எது, அதன் கையில் இருக்கிற கோப்புகள் எவை என்று கேட்டாள். பட்டியலில் மூன்றாவதாக, 'அழிக்கப்பட்டது' என்ற குறியோடு லைப்ரரி நின்றது. பெயர் போயிருந்தது, உடம்பு இருந்தது. பிரதி எடுக்கச் சொன்னாள். அளவு ஏறியது, நின்றது, மறுபடி ஏறியது. பிரதி முடிந்து கியெத் மூச்சு விடுவதற்குள் சுங்கின் வேலையும் முடிந்து திரையிலிருந்து மறைந்தது.

"கிடைச்சுதா?" என்றார் சுங், முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு.

"கிடைச்சுது அண்ணா. கண்ணைத் திறங்க."

ஆனால் மியென் குழந்தையை உடனே சோதிக்கவில்லை. கியெத் மாற்றிவைத்த இடத்தைப் பழையபடி ஆக்கி, முதலில் குணமாகிப் போன பையனைப் போடச் சொன்னாள். வேறு நோய் என்று சரியாக வந்தது. ஆரோக்கியமான தகப்பனைப் போட்டார்கள். நோயே இல்லை என்று வந்தது. அதற்குப் பிறகுதான், "இப்ப அவளைப் போடு" என்றாள்.

கியெத் போட்டான். நகத்தைக் கடித்தான். ஹியென் அவன் கையைத் தட்டிவிட்டாள், பிறகு தானே கடித்தாள்.

இரண்டாவது நோய்.

"டாக்டர்!" கியெத் போனில் கத்தினான். "ரெண்டாவது! சர்க்கரை! கொழுப்பு வேண்டவே வேண்டாம்! இந்தத் தடவை சாட்சியை விசாரிச்சுட்டோம், பொய் சொல்லல!"

மறுமுனையில் டாக்டர் தாவோவின் குரல், யாரோ கழுத்தை நெரித்துவிட்டு இப்போதுதான் விட்டாற்போல வந்தது. "நீங்க போனதும் அவளுக்கு ரொம்ப மோசமாயிடுச்சு. இனிமே தாங்காதுன்னு கொழுப்புப் பாலை ஊசிக்குழல்ல நிரப்பிட்டேன். குழாயில மாட்டியாச்சு. கட்டை விரல் அதுமேலதான் இருந்துச்சு கியெத்." தட்டென்று ஏதோ தொட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டது. "சர்க்கரை கொண்டு வா! ஓடு!" என்று அவள் யாரையோ விரட்டுவதோடு போன் நின்றது.

மியென் செருப்பைத் தேடினாள். ஹியென் விடவில்லை.

"முதல் விருந்தாளி சாப்பிடாமப் போனா இன்னும் கேடு. உக்காரு."

அடுத்த ரத்தப் பரிசோதனை வரும்வரை எங்கேயும் போய்ச் செய்வதற்கும் ஒன்றுமில்லை. மேசையில் பான் தெத் துண்டுகளும், ஊறுகாய் வெங்காயமும், முட்டையோடு வேகவைத்த பன்றிக்கறியும் வந்தன. கியெத் ஒரு துண்டை வாயருகே கொண்டுபோய்த் திரும்ப வைத்தான். மியென் தட்டைப் பார்த்தபடியே இருந்தாள். அப்பா போன பிறகு இந்தத் தெத்தில் அவளை யாரும் வீட்டுக்குள் கூப்பிட்டிருக்கவில்லை. யார் மேலும் தப்பில்லை, வழக்கம் அப்படி. நேற்று இரவு அவள் தனியாகக் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்ததைக் கியெத் மட்டுமே அறிவான். அவனும் இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றியது.

பக்கத்து வீட்டுப் பாட்டு ஓய்ந்து, மறுபடி தொடங்கி, மறுபடி ஓய்ந்தது. போன் அடித்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். மியென் எடுத்தாள். கேட்டாள். "சரி டாக்டர்" என்றாள். இன்னொரு தடவை, "சரி" என்றாள். போனை மேசையில் வைத்தாள்.

"என்னக்கா?" கியெத்தின் குரல் கிறீச்சிட்டது. "சொல்லுக்கா!"

"அமிலம் இறங்குது. கொஞ்சம்தான். ஆனா இறங்குது. பொறந்ததுலேருந்து இதான் முதல் தடவை." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அப்பாவின் சவக்குழியருகேகூட அழாதவள், முன்பின் தெரியாத ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

சுங் பதறிப்போய் மனைவியைப் பார்த்தார். வருஷத்தின் முதல் நாள் வீட்டுக்குள் கண்ணீர் விழவே கூடாது. அது அந்தச் சந்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

ஹியென் மியெனின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவள் கன்னத்திலும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"அழும்மா, நல்லா அழு" என்றாள். "இந்த வீட்டுல இன்னிக்கு எந்தச் சாங்கியத்தைத்தான் மீறாம விட்டு வெச்சோம்."